திண்ணையைப் பார்த்து விலை பேசாதீர்கள்

புதுச்சேரி தமிழர் பகுதியில் பழைய வீடு வாங்குவது பற்றி ஒரு கட்டுரை படித்தேன். அதில் முற்றமும் மரத்தூணும் அழகாக வந்திருக்கின்றன. கூரையைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே! அங்கேதான் பணம் போகும்.

நாங்கள் வைசியாள் வீதிப் பக்கம் குடியிருக்கிறோம். இங்கே பாதி வீடுகள் மெட்ராஸ் டெரஸ்தான். தேக்கு உத்தரத்தின் மேல் சின்னச் செங்கல்லைச் சாய்வாக நிறுத்தி, சுண்ணாம்பு வைத்துக் கட்டிய தளம். உத்தரத்தின் நடுப்பகுதி கல் மாதிரி இருக்கும். சுவருக்குள் போகும் முனைதான் ஈரம் குடித்து உளுத்திருக்கும். ஏணி போட்டு ஏறி, அந்த முனையை ஒரு ஆணியால் குத்திப் பாருங்கள். அப்புறம் அட்வான்ஸ் கொடுக்கலாம்.

சுண்ணாம்புச் சுவருக்குச் சிமென்ட் பூசியிருந்தால் இன்னும் கவனம். உள்ளே போன ஈரம் வெளியே வர வழியில்லாமல், சுவர் இடுப்பளவுக்குப் பொரிந்து கொட்டும். 2014 நவம்பர் மழையில் கடற்கரைச் சாலையில் பிரெஞ்சுக் காலத்து நகராட்சி அலுவலகமான மேரி கட்டடமே இடிந்து விழுந்ததே, நினைவிருக்கிறதா? பராமரிப்பில்லாத பழைய கட்டடத்தை ஒரு மழைக்காலம் அப்படித்தான் சோதிக்கும்.

பத்திர விஷயத்தில், பிரெஞ்சுக்காரர்கள் காலத்துப் பத்திரம் பிரெஞ்சிலேயே இருக்கும். வில்லங்கச் சான்றிதழோடு நிறுத்தாமல், அந்தப் பத்திரத்தைப் படிக்கத் தெரிந்த வக்கீலிடம் காட்டுங்கள். பங்காளிகளில் ஒருவர் பாரிசில் இருப்பார், அவர் கையெழுத்துக்கே ஒரு வருஷம் ஆகும்.

கார் நிறுத்த இடம்? கேட்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை எங்கள் திண்ணையில் யாரோ போட்டோ ஷூட் நடத்திக்கொண்டிருப்பார்கள்.