ஓடமாட்டேன், நாற்காலிதான் வாங்கப்போகிறேன்

சனிக்கிழமை நடந்த புத்தாண்டு ஒன்றுகூடலின் காணொளி உங்களில் பலருக்கும் வந்திருக்கும். எனக்கே எல்லாக் குழுக்களிலிருந்தும் வந்துவிட்டது. பின்னணியில் வயலின் வேறு. சேர்த்த புண்ணியவானுக்கு ஒரு வணக்கம்.

ஆளுக்கோர் இலக்கு சொல்லச் சொன்னார்கள். ஒருவர் எடையைக் குறைப்பேன் என்றார், ஒருவர் மராத்தான் ஓடுவேன் என்றார். எல்லோருக்கும் கைதட்டல். மின்சக்கர நாற்காலி வாங்கப்போகிறேன் என்று நான் சொன்னேன். உடனே நிகழ்ச்சியை நடத்திய தம்பி ஒலிவாங்கியைத் தன் பக்கம் இழுத்து, “அப்படிச் சொல்லாதீர்கள் அக்கா, அடுத்த வருடம் நீங்கள் ஊன்றுகட்டை இல்லாமல் ஓடியே மேடைக்கு வருவீர்கள்!” என்றார். அரங்கமே எழுந்து தட்டியது. அத்தனை பேரில் இலக்கைத் திருத்திக் கொடுத்தது எனக்கு மட்டும்தான்.

நாற்காலிதான் என் இலக்கு. விலை விசாரித்து, வீட்டு வாசலின் அகலத்தை அளந்து பார்த்த பிறகு வைத்த இலக்கு.

எனக்கு இளம்பிள்ளை வாதம் வந்தது இரண்டு வயதில், தஞ்சாவூர்ப் பக்கம். அன்று பிழைத்த நரம்பணுக்கள் புதிதாகக் கிளைவிட்டு, செத்துப்போன அணுக்களின் தசைகளையும் சேர்த்து இயக்கின. ஆட்குறைப்புக்குப் பிறகு மிஞ்சிய ஒரே கணக்கர் நான்கு மேசை வேலையையும் பார்ப்பதுபோல. பல பத்தாண்டுகள் அப்படி உழைத்த பிறகு அவையும் தளர்ந்துவிடுகின்றன. போலியோவுக்குப் பிந்தைய நோய்க்குறி என்பார்கள். போலியோ கண்ட எல்லோருக்கும் வருவதில்லை, எனக்கு வந்திருக்கிறது. குணமாக்கும் மருந்து கிடையாது. அளவுக்கு மீறி உழைத்தால் பலவீனம் கூடும். பலத்தைச் சேமியுங்கள், ஓய்வெடுங்கள், கருவிகளைப் பயன்படுத்துங்கள் என்றுதான் மருத்துவர்கள் சொல்கிறார்கள். ‘முயன்றால் முடியும்’ என்பதைச் சுவரில் ஒட்டிக்கொள்ளுங்கள் ஐயா, என் தொடையில் ஒட்டாதீர்கள்.

“நல்ல எண்ணத்தில்தானே சொன்னார்?” தெரியும். விவரம் தெரிந்த நாள் முதல் எல்லோரும் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள். அம்மா சமயபுரத்துக்கு வெறுங்காலோடு நடந்தார். வேளாங்கண்ணியில் மெழுகுக் கால் வாங்கிக் காணிக்கை வைத்தார். நான் நடந்துவிட்டால் மொட்டை போடுவதாக வேண்டிக்கொண்டார், அதுவும் என் தலைக்கு. காலைத் தாங்கும் இரும்புக் காலிபரை மாட்டிக்கொண்டு நான்கு அடி வைத்ததும் போட்டும்விட்டார்கள். பள்ளிக்கூடத்தில் அந்த மொட்டைக்குக் கிடைத்த கேலி, காலுக்குக் கிடைத்ததைவிட அதிகம். அம்மாவை நான் குறை சொல்லவில்லை. சொல்கிறேன் என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும்.

“யிப் பின் சியூவைப் பாருங்கள்” என்கிறார் இன்னொருவர். பார்த்தேனே! நம் சிங்கப்பூர் வீராங்கனை, பெய்ஜிங் 2008 தொடங்கி பாரிஸ் 2024 வரை பாராலிம்பிக் நீச்சலில் 7 தங்கம். அவரும் சக்கர நாற்காலியில்தான் வலம் வருகிறார். நடந்து வந்தால்தான் பதக்கம் என்று யாராவது அவரிடம் சொன்னார்களா?

பயிற்சியை விட்டால் தசை இன்னும் மெலியுமே என்று ஒரு தோழி கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. களைக்காத அளவுக்குப் பயிற்சி உண்டு. அதை நானும் என் பிசியோதெரபிஸ்டும் பார்த்துக்கொள்கிறோம். ‘அரசாங்கப் பணம்’ என்று முனகியவருக்கு: ஆம், இப்படிப்பட்ட கருவிகள் வாங்க அரசு தரும் உதவித் தொழில்நுட்ப நிதியில் வருமானத்தைப் பொறுத்து 90 விழுக்காடு வரை கிடைக்கும். விண்ணப்பிக்கத்தான் போகிறேன். உங்கள் சட்டைப்பையில் கை விட்டதுபோல் பேசாதீர்கள், நானும் வேலை பார்த்து வரி கட்டுகிறவள்.

கட்டையை ஊன்றி நான் நடக்கும் நாள் எப்படிப் போகும் என்று எவரும் கேட்டதில்லை. டோபி காட் எம்ஆர்டி ரயில் நிலையத்தில் வட்டப் பாதைக்கு மாறும் அந்த நீண்ட நடையிலேயே அன்றைய பலம் தீர்ந்துவிடும். அலுவலகம் போய்ச் சேர்ந்ததே சாதனை. மாலையில் சமைக்கவோ படிக்கவோ ஒருவரிடம் முகம் கொடுத்துப் பேசவோ என்னிடம் ஒன்றும் மிஞ்சாது. இங்கே பொதுப் பேருந்துகள் அனைத்திலும் 2020 முடிவிலிருந்து சக்கர நாற்காலியோடு ஏறலாம். பேருந்து தயார், எம்ஆர்டி தயார், உறவும் நட்பும்தான் இன்னும் தயாராகவில்லை. தேக்காவில் கடைகளுக்கு முன்னால் ஓடும் ஐந்தடிப் பாதைகளில் கடைக்குக் கடை படி ஏறி இறங்குவது வேறு கதை. அதைச் சரிசெய்வதை யாராவது புத்தாண்டு இலக்காக வைத்தால் வயலின் செலவு என்னுடையது.

காணொளியை இதயக் குறியோடு முதலில் பகிர்ந்தது என் தங்கை. தம்பியின் பேச்சைக்கூட விட்டுவிடலாம், இதைத்தான் தாங்க முடியவில்லை. நாற்காலி பற்றி அவளிடம் நவம்பரிலேயே சொல்லியிருந்தேன். நேற்று தொலைபேசியில் கேட்கிறாள்: “ஜூனில் கல்யாணத்துக்கும் அதிலா வருவாய்? மாப்பிள்ளை வீட்டார் என்ன நினைப்பார்கள்?” கல்யாணப்பெண் யார்? அவள் மகள், நான் மடியில் போட்டு வளர்த்த பிள்ளை.

அதில்தான் வருவேன். கட்டையைப் பிடித்து மணிக்கணக்கில் நின்று, வலியோடு பல்லைக் காட்டிய என் படங்கள் எல்லார் வீட்டுக் கல்யாண ஆல்பத்திலும் இருக்கின்றன, போதும். மணமேடைக்குச் சாய்தளம் உண்டா என்று மண்டபத்தில் அவளே கேட்டுச் சொல்லட்டும். பட்டுப்புடவை முந்தானை சக்கரத்தில் சிக்காமல் கட்டத் தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள். வேறு அறிவுரை வேண்டாம்.