படிக்கிற பிள்ளைக்கும் பிப் உண்டு

பிப் (PIP) என்பது உடல்நலக் குறைபாடோ ஊனமோ உள்ளவர்களுக்குப் பிரிட்டன் அரசு தரும் உதவித்தொகை. "முழுநேரமாகப் படிக்கிற பிள்ளைக்குப் பிப் கிடைக்காது" என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். தவறு. இங்கிலாந்து, வேல்ஸில் பிப் உதவித்தொகைக்குப் படிப்பும் பெற்றோர் வருமானமும் தடையில்லை. உடல்நலக் குறைபாடு அன்றாட வாழ்க்கையையும் நடமாட்டத்தையும் எவ்வளவு பாதிக்கிறது என்றுதான் பார்ப்பார்கள்.

அவர் யுனிவர்சல் கிரெடிட்டோடு (குறைந்த வருமானம் உள்ளவர்களுக்கான அரசு உதவித்தொகை) குழப்பிக்கொண்டார் போல. அதில்தான் முழுநேர மாணவர்களுக்குப் பொதுவாக இடமில்லை. அதிலும் விலக்கு உண்டு: பிப் வாங்குபவராக இருக்க வேண்டும், வேலைசெய்யும் திறன் குறைவு என்ற முடிவும் படிப்பு தொடங்கும் முன்பே வந்திருக்க வேண்டும். சேர்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தால் சிக்கல்தான்.

அப்புறம், சிறுவயதில் வாங்கிய டிஎல்ஏ (DLA, குறைபாடுள்ள பிள்ளைகளுக்கான உதவித்தொகை) 16 வயதில் தானாகவே பிப் ஆகிவிடாது. கடிதம் வரும். அதிலுள்ள தேதிக்குள் விண்ணப்பிக்காவிட்டால் பழைய பணமும் நின்றுவிடும்.