பரணை இறக்கும் முன்னால் ஒரு கேள்வி

மார்கழி பாதி தாண்டினாலே எங்கள் வேலூர் சத்துவாச்சாரியில் வீட்டுக்கு வீடு பரணை இறக்க ஆரம்பித்துவிடுவார்கள். போகிக்குள் ஒட்டடை அடித்து, வெள்ளையடித்து, வேண்டாததைக் கழித்துவிட வேண்டும் என்கிற அந்தப் பரபரப்பு எனக்கும் ரொம்பப் பிடிக்கும். ஆனால் யாரிடம் போகப்போகிறது என்று தெரியாத ஒரு பொருளைப் பரணிலிருந்து இறக்கவே கூடாது என்பது என் கருத்து. யூடியூபில் வைத்துக்கொள்வது, கொடுப்பது, தூக்கிப்போடுவது என்று மூன்று குவியலாகப் பிரிக்கிறார்கள், பார்க்க அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் அந்த மூன்றாவது குவியல் எங்கே போனது என்று யாரும் காட்டுவதில்லை. நம் ஊரில் தெரிந்துகொள்ள வேண்டுமானால் பொங்கல் முடிந்ததும் பாலாற்றுப் பக்கம் போய்ப் பாருங்கள். பிதுங்கிய மெத்தை, கால் உடைந்த பிளாஸ்டிக் நாற்காலி, ரெக்சின் கிழிந்த சோபா எல்லாம் மணலில் கிடக்கும்.

இந்த ஆற்றுக்காக உச்ச நீதிமன்றம் வரை போன ஊர் நம்முடையது. தோல் ஆலைக் கழிவுநீரை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கில் 1996-ல் தீர்ப்பு வந்தது. மாசுபடுத்துகிறவரே அதற்கான செலவையும் ஏற்க வேண்டும் என்பது இந்த நாட்டுச் சட்டத்தின் ஒரு பகுதி என்று நீதிமன்றம் அதில் சொன்னது. சட்டம் படிக்கிற பிள்ளைகள் இன்றைக்கும் அந்த வழக்கைப் படிக்கிறார்கள். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை ஆலைகளைப் பார்த்து அப்படிக் கேட்டுவிட்டு, ராத்திரியோடு ராத்திரியாக ஒரு சோபாவை அதே ஆற்றில் தள்ள நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

கொளுத்துவதும் இதே கதைதான். அந்தக் காலத்தில் போகியில் எரிந்தது கோரைப்பாய், துடைப்பம், பழைய முறம். இன்றைக்கு எரிவது ஃபோம், ரெக்சின், பிளாஸ்டிக், சில தெருக்களில் டயர். பிவிசி பிளாஸ்டிக் கலந்த ரெக்சின் எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு, டையாக்ஸின் போன்ற நச்சுப் பொருள்கள் வெளியே வரும். விடியற்காலைக் குளிரில் புகை மேலே ஏறாமல் தெருவிலேயே தங்கிவிடும், அதை முதலில் சுவாசிப்பது பக்கத்தில் மேளம் கொட்டிக்கொண்டு நிற்கிற நம் குழந்தைகள்.

சரி, எதை யாரிடம் கொடுப்பது? பேப்பர், இரும்பு, அலுமினியம் எல்லாம் காயலாங்கடைக்குப் போய்விடும், அதில் சிக்கலே இல்லை. பித்தளையில்தான் அவசரப்படக் கூடாது. எங்கள் வீட்டில் மாமியாரின் தவலை ஒன்று சாக்கு மூட்டைக்குள் இருந்தது. "அத்தை, இதைப் போட்டுடலாமா?" என்று கேட்டேன். "இருக்கட்டும்மா, எங்கம்மா குடுத்த சீரு" என்றார். இன்றைக்கு அதைப் புளி போட்டுத் துலக்கி அரிசி கொட்டி வைத்திருக்கிறோம். பெரியவர்கள் ஊருக்குப் போன நேரம் பார்த்து அவர்கள் சாமானைக் கழிக்கிறவர்களை எனக்குப் பிடிக்காது. கேளுங்கள், வேண்டாம் என்று அவர்களே சொல்கிற பொருள்களும் நிறைய இருக்கும்.

பட்டுப்புடவை இன்னொன்று. ஆரணி பக்கத்திலேயே இருப்பதால் நம் வீட்டு பீரோக்களில் பழைய பட்டு இல்லாமல் இருக்காது. அசல் ஜரிகை என்றால் வெள்ளி இழையில் தங்க முலாம் போட்டது, தெருவில் கூவிக்கொண்டு வருகிறவர்கள் அந்த வெள்ளிக்காகத்தான் வாங்குகிறார்கள். ஜரிகையைச் சோதித்துப் பார்க்காமல் அவர்கள் கேட்கிற முதல் விலைக்குக் கொடுத்துவிடாதீர்கள். நைந்த பருத்திப் புடவையையும் கழிக்க வேண்டாம், வீட்டில் குழந்தை பிறந்தால் தூளிக்கு அதுபோல ஒன்று கிடைக்காது.

அப்புறம், வேலூர் வீடுகளில் ஆஸ்பத்திரிப் பை ஒன்று கட்டாயம் இருக்கும். நமக்கு இல்லாவிட்டாலும் சி.எம்.சி. ஆஸ்பத்திரியில் காட்ட வந்து தங்கிய சொந்தக்காரர் யாராவது விட்டுப்போயிருப்பார். டிஸ்சார்ஜ் சம்மரி, பயாப்சி ரிப்போர்ட், ஆபரேஷன் குறிப்பு, இவற்றை எத்தனை வருடம் ஆனாலும் போடாதீர்கள், உரியவரைக் கூப்பிட்டுக் கேளுங்கள். எக்ஸ்ரே ஃபிலிமில் வெள்ளி இருப்பதால் அதை வாங்குகிறவர்கள் உண்டு, கொடுப்பதற்கு முன்னால் ஓரத்தில் இருக்கும் பெயரை வெட்டி எடுத்துவிடுங்கள். தேதி முடிந்த மாத்திரையைச் சாக்கடையில் கொட்டுவதும் குப்பையோடு கலப்பதும் வேண்டாம். காலாவதி மருந்து, பேட்டரி, டியூப்லைட், உடைந்த தெர்மாமீட்டர் எல்லாவற்றையும் 2016-ன் திடக்கழிவு விதிகள் வீட்டு அபாயக் கழிவு என்று வகைப்படுத்தின, தனியாகத்தான் கொடுக்க வேண்டும். கண்ணாடித் துண்டை நாலு மடிப்பு பேப்பரில் சுற்றி, மேலே 'கண்ணாடி' என்று பெரிதாக எழுதிக் கொடுங்கள். நம் குப்பையைப் பிரிக்கிற அக்காவும் வெறும் கையாலேதான் பிரிக்கிறார் பல நாள்.

இதற்கு நடுவில் அடுக்கி வைக்கவென்று கலர் கலராக டப்பாக்கள் வாங்குகிறார்களே, அது எனக்குப் புரியவே இல்லை. கழித்து முடித்த பிறகு மிச்சம் இருப்பதைப் பார்த்து வாங்கினால் பாதி டப்பா தேவைப்படாது, வீட்டில் இருக்கிற எவர்சில்வர் சம்படங்களே போதும்.

மிஞ்சி நிற்பது மெத்தை. இலவம்பஞ்சு மெத்தை என்றால் பிரித்து, பஞ்சை அடித்து, புது உறை தைத்து மறுபடி படுக்கலாம். ஃபோம் மெத்தையைக் காயலாங்கடைக்காரர்கூடத் தொட மாட்டார், தள்ளுவண்டியிலும் ஏறாது, கடைசியில் அது ஆற்றுக்குத்தான் போகிறது. அதனால் போகிக்கு முந்தைய வாரம் வார்டுக்கு ஒரு நாள் ஒரு லாரி நிறுத்தி மெத்தையையும் சோபாவையும் மட்டும் எடுத்துக்கொள்ள மாநகராட்சி ஏற்பாடு செய்ய வேண்டும். எங்கள் வார்டு கவுன்சிலரிடம் இதை எழுதிக் கொடுக்கப்போகிறேன், நீங்களும் உங்கள் வார்டில் கொடுங்கள். புது மெத்தை வாங்கப் போகிறவர்கள் விலை பேசுவதற்கு முன்னாலேயே, பழையதை எடுத்துக்கொள்வீர்களா என்று கடைக்காரரிடம் கேளுங்கள்.