மயில் மீன் மணிக்கு 110 கிலோமீட்டர் போகுமா?

‘உலகிலேயே வேகமான மீன் மயில் மீன், மணிக்கு 110 கி.மீ., முதுகில் படகுப் பாய் போல விரியும் பெரிய துடுப்புதான் காரணம்’ என்று ஒரு படம் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. அந்த வேகமும் தப்பு, சொல்லும் காரணமும் தப்பு.

அந்த 110 எங்கிருந்து வந்தது தெரியுமா? பல பத்தாண்டுகளுக்கு முன் அமெரிக்காவின் புளோரிடாவில், தூண்டிலில் மாட்டிய மீன் 3 விநாடியில் சுமார் 91 மீட்டர் தூண்டில் நரம்பை (தூண்டில் கயிற்றை) இழுத்தது என்ற கணக்கு. ஓடுவது, துள்ளுவது, படகும் நகர்வது எல்லாம் சேர்ந்த நரம்பு நீளத்தை நீந்தும் வேகம் என்று எப்படிச் சொல்வது? 2016-ல் வெளியான ஆய்வில் வால் தசை எவ்வளவு சீக்கிரம் சுருங்கி விரிகிறது என்று அளந்து பார்த்தார்கள், அதிகபட்சமே மணிக்கு 30 கி.மீ. சுமார்தான் வந்தது.

அப்புறம் அந்தப் பாய் போன்ற துடுப்பு. வேகமாகப் போகும்போது மீன் அதை முதுகுப் பள்ளத்துக்குள் மடக்கிவிடும், விரித்தால் தண்ணீர் பிடித்து இழுக்கும் அல்லவா? இரையான மத்தி மீன் கூட்டத்தை நெருங்கி, வாள் போல நீண்ட மூக்கை வீசும்போதுதான் விரிக்கிறது, உடம்பு பக்கவாட்டில் ஆடாமல் இருக்க. உந்துதல் முழுக்க பின்னால் இருக்கும் பிறை வடிவ வாலிலிருந்து. வாலின் அடி ஒல்லியாக இருப்பதால் அங்கே தண்ணீரின் இழுவையும் குறைவு.