குரூப்பைக் குத்தம் சொல்லாதீங்க

"கத்தார்க்காரன் ஏமாத்திட்டான், அதான் போச்சு." பெங்களூர்ல இந்தியா ஃபுட்பால் பேச்சு எடுத்தாலே யாராவது ஒருத்தர் இதைச் சொல்லிடறாங்க. 2024 ஜூன்ல தோஹாவுல கத்தாரோட ஆடினப்போ பந்து கோட்டைத் தாண்டி வெளியே போனது நிஜம். அதை உள்ளே இழுத்துப் போட்டதும் ரெஃப்ரி கோல் குடுத்ததும் நிஜம். வயிறு எரிஞ்சுது எனக்கும். ஆனா அந்த உலகக் கோப்பை தகுதிச்சுற்று குரூப் நம்ம கையைவிட்டுப் போனது தோஹாவுல இல்லைங்க. மார்ச் மாசமே கௌஹாத்தியில போயிடுச்சு.

கத்தார், குவைத், ஆப்கானிஸ்தான், நாம. முதல் ரெண்டு இடத்துக்கு அடுத்த சுற்று. குவைத்துக்கே போய் மன்வீர் சிங் கோல்ல 1-0 ஜெயிச்சு அமர்க்களமா ஆரம்பிச்சோம். அதுக்கப்புறம் அஞ்சு மேட்ச், ஒரு ஜெயிப்பு கிடையாது. ஆப்கன் டீம் அப்போ தரவரிசையில 158, நாம 117. அவங்க முன்னணி ஆட்டக்காரங்க பல பேர் சொந்த ஃபெடரேஷனோட சண்டை போட்டுக்கிட்டு வரவே இல்லை. மிச்சம் இருந்தவங்களோட சவுதியில ஆபாவுல 0-0, கௌஹாத்தியில 1-2. அங்க நமக்குக் கிடைச்ச ஒரே கோலும் பெனால்டி, கேப்டன் சுனில் சேத்ரி அடிச்சது. கொல்கத்தாவுல குவைத்தோட 0-0. இதே குவைத்தை 2023 சாஃப் (தெற்காசிய) கோப்பை ஃபைனல்ல நம்ம பெங்களூர் கண்டீரவா ஸ்டேடியத்துல ஷூட்அவுட்ல சாய்ச்சவங்கதான் நாம! கடைசியில அவங்க 7 பாயின்ட்டோட மேல போனாங்க, நாம 5ல நின்னோம். ஆறு மேட்சுக்கும் சேர்த்து மூணே கோல்.

அடுத்தது ஆசியக் கோப்பை 2027 தகுதிச்சுற்று. ஹாங்காங், சிங்கப்பூர், வங்கதேசம். "அல்வா குரூப், மச்சா"ன்னு பசங்க குதிச்சாங்க. முதல் இடம் வந்தா மட்டும்தான் டிக்கெட், ரெண்டாவது இடத்துக்கு ஒண்ணும் கிடையாதுங்கிறதை யாரும் பெரிசா எடுத்துக்கலை. அப்படிப்பட்ட குரூப்புல ஷில்லாங்ல வங்கதேசத்தோட 0-0ன்னா அது பாதித் தோல்வி. ஹாங்காங்ல ஆஷிக் குருனியன் முன்னாடி கோல் திறந்து கிடந்துச்சு. வெளியே அடிச்சார். கடைசி நிமிஷத்துல பெனால்டி குடுத்துத் தோத்தோம். மட்காவ்ல நம்ம சாங்தே முதல்ல கோல் போட்டும் சிங்கப்பூரோட சாங் உய்-யங் ரெண்டு போட்டுக் கதையை முடிச்சுட்டார். வங்கதேசத்துக்கிட்ட தோத்த டாக்கா மேட்ச் பத்தி எழுத மனசு வரலை. முதல் அஞ்சு மேட்ச்ல நாம போட்டது ரெண்டு கோல்.

கோச்சுகளும் மாறிப் பார்த்தாச்சு: ஸ்டிமாச், மனோலோ, இப்போ காலித் ஜமீல். யார் வந்தாலும் பாக்ஸுக்குள்ள பந்தை வாங்கித் திரும்பி அடிக்க ஒரு ஆள் வேணுமே? ரிட்டயர் ஆன சேத்ரியை 40 வயசுல திரும்பக் கூப்பிட்டதுக்குப் பலர் சிரிச்சாங்க. சிரிக்க என்ன இருக்கு? நம்ம நாட்டு கிளப் லீக் ஐஎஸ்எல்ல 2024-25ல அதிக கோல் மொராக்கோக்காரர் அஜராயி, 23. இந்தியர்கள்ல முதல் ஆள் யார்? அதே சேத்ரி, 14 கோல். கோச் வேற யாரைக் கூப்பிடுவார், சொல்லுங்க.

பெங்களூர்ல அல்சூர் பக்கம், கௌதமபுரம் பக்கம் வந்து பாருங்க. பெலேவுக்குச் சிலை வெச்ச ஏரியா. 1948 லண்டன் ஒலிம்பிக்ஸ்ல ஃப்ரான்ஸுக்கு எதிரா இந்தியாவோட கோலைப் போட்ட சாரங்கபாணி ராமன் இந்த ஊர் ஆள். 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டுல தங்கம் ஜெயிச்ச டீம்ல இருந்த அருமைநாயகமும் இந்த ஊர் ஆள்தான். நம்ம தெருப் பையன்களுக்கு கோல் போடத் தெரியாதுன்னு யாராவது சொன்னா நான் நம்பமாட்டேன்.

எங்க ஏரியாவுல ஒரு பையன். சின்ன வயசுலேருந்து ஃபார்வர்டு, கோல் போடற ஒன்பதாம் நம்பர், அதாவது "நைன்". இடது கால்ல வாங்கி வலது கால்ல அடிப்பான், கீப்பர் அசையறதுக்குள்ள வலை ஆடும். ஒரு கிளப் ட்ரையல்ஸுக்குப் போயிட்டு வந்தான். "என்னடா ஆச்சு?"ன்னேன். "நைனுக்கு ஃபாரினர் வருவாராம்ணா, என்னை ரைட் பேக் ஆடச் சொன்னாங்க"ன்னான். இப்போ டிஃபென்ஸ்ல ரைட் பேக்தான் ஆடறான், நல்லாவே ஆடறான். கிளப் மேல எனக்குக் கோபம் வரலை. போட்ட காசுக்கு அவங்களுக்கு இந்த சீசனே கோல் வேணும், ஃபாரின் கோட்டாவை முதல்ல அங்கதான் செலவு பண்ணுவாங்க. ஆனா நாட்டுல இருக்கிற எல்லா கிளப்பும் இதையே பண்ணினா தேசிய டீமுக்கு நைன் எங்கேருந்து வருவான்? போதாக்குறைக்கு 2025 செப்டம்பர்ல தொடங்க வேண்டிய ஐஎஸ்எல் ஒப்பந்தச் சண்டையில அந்த வருஷம் முடியற வரைக்கும் தொடங்கவே இல்லை.

இதுக்கு எல்லாரும் சொல்ற மருந்து, வெளிநாட்டுல பொறந்த இந்திய வம்சாவளிக்காரங்களைக் கொண்டு வா. வங்கதேசத்துக்கு இங்கிலாந்துல பொறந்த ஹம்சா சௌத்ரி வந்தார், சிங்கப்பூரோட சாங் கொரியாவுல பொறந்தவர்தான், ஒத்துக்கறேன். ஆனா டாக்காவுல நம்ம வலையில கோல் போட்ட மோர்சலின் அவங்க ஊர்லயே வளர்ந்த பையன். நமக்கு இரட்டைக் குடியுரிமை கிடையாது, வர்றவர் அந்த நாட்டு பாஸ்போர்ட்டையே விடணும். நம்ம பெங்களூரு எஃப்சி கிளப்போட ரயன் வில்லியம்ஸ் ஆஸ்திரேலியக் குடியுரிமையை விட்டுட்டு வந்தார், பெரிய மனசு. கண்டீரவாவுல அவருக்கு நானும் தொண்டை கிழியக் கத்துவேன். ஆனா 1993ல பொறந்தவர். அடுத்த ஆசியக் கோப்பை தகுதிச்சுற்று வர்றப்போ அவர் முப்பதுகளோட நடுவுல இருப்பார். எங்க ரைட் பேக் தம்பிக்கு அப்போ 23கூட ஆகியிருக்காது.