ஹப் டைனமோ வயருக்கு பிளஸ், மைனஸ் கிடையாது

சைக்கிள் முன்சக்கரத்தின் நடுவில் இருந்து லைட்டுக்கு மின்சாரம் தரும் ஹப் டைனமோவின் இரண்டு வயரையும் மாற்றிக் கொடுத்தால் முன் லைட் கருகிப்போகும் என்று மேலே ஒரு தம்பி எழுதியிருக்கிறார். அப்படியில்லை தம்பி. டைனமோவிலிருந்து வருவது பேட்டரி மாதிரி டீசி அல்ல, ஏசி. சக்கரம் சுற்றச் சுற்ற பிளஸும் மைனஸும் இடம் மாறிக்கொண்டேதான் இருக்கும். டைனமோவுக்கென்று செய்த 6 வோல்ட் எல்ஈடி லைட்டுக்குள் அதை டீசியாக்கும் ரெக்டிஃபையர் இருக்கிறது. ஹட்டன் மூடுபனியில், விரல் விறைத்த நிலையில், நானே எத்தனையோ தடவை மாற்றிச் செருகியிருக்கிறேன்.

முன்சக்கரத்தைத் தூக்கிக் கையால் சுற்றிப் பாருங்கள். வயரை மாற்றிப்போட்டு மறுபடி சுற்றுங்கள், அதே வெளிச்சம். மல்டிமீட்டரை ஏசியில் வைத்தால் வோல்ட் காட்டும், டீசியில் பூச்சியத்தை ஒட்டியே நிற்கும். ஒரே வயர் இழுத்து, ஃபிரேமையே மற்ற வயராக்கிய பழைய சைக்கிளில் மட்டும் மாற்றினால் ஷார்ட்டாகி லைட் எரியாது. அப்போதும் கருகாது.