வெள்ளரிக்காய் விஞ்ஞானியை மட்டும் பார்த்தால் போதுமா?

1726இல் வெளிவந்த 'கலிவரின் பயணங்கள்' நாவலில் எழுத்தாளர் ஜொனாதன் ஸ்விஃப்ட் படைத்த பால்னிபார்பி என்ற கற்பனை நாட்டின் லகாடோ ஆய்வுக் கழகத்தை 'பைத்தியக்காரர்களின் கூடாரம்' என்று ஒரே வரியில் ஒதுக்கிவிட்டது அந்த நாவலைப் பற்றி நான் படித்த கட்டுரை. வெள்ளரிக்காயிலிருந்து வெயிலைப் பிழிந்தெடுக்க எட்டு ஆண்டுகள் பாடுபட்டவர் அங்கே இருக்கிறார், உண்மைதான். ஆனால் அவர் வாயைத் திறந்ததும் என்ன சொல்கிறார்? இன்னும் எட்டு ஆண்டுகள் வேண்டும், இந்த ஆண்டு வெள்ளரிக்காய் விலை ஏறிவிட்டது, ஏதாவது கொடுத்துவிட்டுப் போங்கள் என்கிறார்! ஆராய்ச்சி நிதிக்கு விண்ணப்பம் எழுதிப் பழகிய எனக்குச் சிரிப்போடு கொஞ்சம் கூச்சமும் வந்தது.

கட்டுரை தொடாமல் விட்டது அதே கழகத்தில் இருக்கும், சொற்களைக் கலைத்துப்போட்டு நூல் எழுதும் இயந்திரத்தை. இருபதடிச் சதுரச் சட்டம், கம்பியில் கோத்த மரத்துண்டுகள், அவற்றின்மேல் அந்நாட்டு மொழியின் எல்லாச் சொற்களும். நாற்பது மாணவர்கள் நாற்பது இரும்புக் கைப்பிடிகளைத் திருப்புவார்கள். முப்பத்தாறு பேர் வரிகளை வாசிக்க, மூன்று நான்கு சொற்கள் ஒட்டிவந்தால் மற்ற நால்வர் எழுதிக்கொள்வார்கள். நாளுக்கு ஆறு மணி நேரம் இதே வேலை. கணினியே கட்டுரை எழுதித்தரும் இன்றைக்கு இதைப் படித்துவிட்டு முழுமனத்தோடு சிரிக்க முடிகிறதா?

அதே நாவலில், அந்நாட்டுக்கு மேலே பறக்கும் லாபுடாத் தீவின் வானியலாளர்கள் செவ்வாய்க்கு இரண்டு துணைக்கோள்கள் என்று குறித்திருந்தார்கள். நிஜத்தில் அமெரிக்க வானியலாளர் அசாஃப் ஹால் அவற்றைக் கண்டதோ 1877இல்! ஸ்விஃப்டுக்கு அது குருட்டு அதிர்ஷ்டமாகவே இருக்கட்டும். அந்த இரண்டில் ஒன்றான டெய்மோஸில் ஒரு பள்ளத்துக்கு அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள்.